திருச்சியில் ரோலக்ஸ் லென்ஸைக் கழற்றிய கதை

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பல் டாக்டர், மூக்குக்கண்ணாடி, தையல்காரர் என்று ஒரு பட்டியலோடுதான் கிளம்புவோம். இந்த முறை என் பட்டியலில் வாட்சும் இருந்தது. ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் 16200, 36 மில்லிமீட்டர், பழைய வாட்ச் விற்கும் கடையில் வாங்கியது. தேதிக்கு மேலே கண்ணாடியில் குமிழ் மாதிரி ஒட்டியிருக்குமே, அந்த லென்ஸ் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. நேராகப் பார்த்தால் தேதி பெரிதாகத் தெரியும், சரி, ஆனால் கையைக் கொஞ்சம் சாய்த்தால் 3 மணிப் பக்கம் டயலே கோணலாகிவிடும், போதாததற்கு லென்ஸ் ஓரத்தில் சோப்பும் அழுக்கும் சேர்ந்து எப்போதும் ஒரு சாம்பல் கோடு. லென்ஸ் இல்லாவிட்டால் அது ரோலக்ஸே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. டேட்ஜஸ்ட் வந்தது 1945இல், லென்ஸ் வந்து ஒட்டிக்கொண்டது 1950களில். அதே கம்பெனியின் ஸீ-ட்வெல்லர், தேதி காட்டும் ஆழ்கடல் வாட்ச், 1967இல் வந்ததிலிருந்து 2017 வரைக்கும் லென்ஸ் இல்லாமலேதான் விற்றது. 2017இல் லென்ஸ் வைத்தபோது அதற்கும் திட்டினார்கள். ஆகவே அந்த வாதம் என்னிடம் செல்லாது.

கம்பெனி சர்வீஸில் இதைச் செய்ய மாட்டார்கள், பின்னால் சர்வீஸுக்குக் கொடுத்தால் அசல் கண்ணாடியை மாட்டியே ஆக வேண்டும் என்றும் சொல்வார்கள். சிங்கப்பூரில் வெளிக்கடைகளில் விசாரித்தால் முழு சர்வீஸோடு சேர்த்துத்தான் செய்வோம் என்றார்கள், அந்தக் காசுக்கு ஊருக்கே ஒரு முறை போய்வந்துவிடலாம். அதனால்தான் திருச்சி.

முதலில் போனது ஏசி போட்ட, சோபா போட்ட ஒரு கடை. பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் வாட்சை வாங்கி ஒரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டு, "கழற்றவே வேணாம் சார், மேலேயே லைட்டர் காட்டி பிளேடால தட்டினா வந்துடும்" என்றான். சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்தான். நான் வாட்சைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. லென்ஸ் பசை வைத்து ஒட்டியதுதான், சூடு காட்டினால் பசை விட்டுவிடும். கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது சஃபையர், உருகவே 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி, இரும்பு பிளேடால் அதில் கீறல்கூட விழாது. பிரச்சினை கண்ணாடிக்குக் கீழே. சுற்றிலும் பிளாஸ்டிக் வாஷர், அடியில் டயல் பெயின்ட், அதற்கும் அடியில் மெஷினில் எண்ணெய். தீயை இதற்கெல்லாம் மேலே காட்டுவேன் என்கிறவனிடம் நூறு ரூபாய் வாட்சைக்கூடக் கொடுக்கக் கூடாது. கண்ணாடியைத் தனியாக வெளியே எடுத்துவிட்டுத்தான் சூடு.

மச்சான் சொல்லிப் போனது பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பாய் கடைக்கு. முதலில் வெள்ளிக்கிழமை மதியம் போய் நின்றால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, தொழுகைக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் திரும்பப் போனேன். ஒருவர் உட்காரும் அளவு மேசை, கண்ணில் ஐகிளாஸ், சுவரில் நின்றுபோன கடிகாரங்கள். வாட்சை வாங்கியதும் கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். சொட்டு பரவாமல் முத்தாக நின்றது. "சஃபையர்தான் தம்பி" என்றவர் ஐகிளாஸில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆனா கம்பெனிக் கண்ணாடி இல்ல" என்றார்.

எனக்குத் திக்கென்றது. கம்பெனி லென்ஸ் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கும், எண் கட்டத்தை நிறைத்து நிற்க வேண்டும். என் வாட்சில் எண்ணைச் சுற்றி வெள்ளை நிறையத் தெரிந்தது, ஒன்றரை மடங்குதான் இருக்கும் என்றார். 6 மணிக்கு அடியில் கண்ணாடியிலேயே பொடியாகக் கம்பெனிச் சின்னமான கிரீடம் பொறித்திருக்குமே என்று கேட்டேன். அது 2000களின் தொடக்கத்தில்தான் வந்தது, இந்த வயசு வாட்சில் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். முன்னால் வைத்திருந்த யாரோ கண்ணாடியை மாற்றியிருக்கிறார்கள், விற்றவர் அதைச் சொல்லவில்லை. அசலாக இருந்திருந்தால் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு வேறு வெறுங்கண்ணாடி போடச் சொல்லியிருப்பேன் என்றார் பாய். இப்போது அந்தக் கவலையும் இல்லை.

"உட்காருங்க, பாத்துக்கிட்டே இருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பார்ட்ஸ் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் ஊரில் யாரும் நல்ல வாட்சைக் கொடுப்பதில்லை, அவரே அப்படிச் சொன்னது பிடித்திருந்தது. பின்மூடியின் வரிப்பல்லுக்குப் பொருந்தும் அச்சை வைத்துத் திறந்து, பக்கவாட்டில் இருக்கும் சாவியை உருவி, மெஷினை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணம் போட்டு மூடினார். வார் மாட்டும் காதுகளில் டேப் ஒட்டிவிட்டு மேல் வளையத்தை நெம்பினார். உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்தியதும் கண்ணாடி வாஷரோடு வந்துவிட்டது. அதை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார், லென்ஸ் பக்கம் கீழே. பசை மெல்லப் பழுப்பாகி ஓரத்தில் குமிழ் விட்டது. பித்தளைக் குச்சியால் ஒரு தள்ளு, தோசை ஓரம் பெயர்வது மாதிரி லென்ஸ் நகர்ந்து வந்துவிட்டது. உடனே துடைக்கவில்லை. சூடான கண்ணாடியில் ஈரம் பட்டால் விரிசல் விடும் என்று அப்படியே ஆற வைத்துவிட்டு டீ சொன்னார். அப்புறம் அசிட்டோன். சதுரமாக ஒரு தடம் இருந்தது, இரண்டாம் முறை தேய்த்ததும் போய்விட்டது.

பழைய வாஷர் மஞ்சளாகி ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. புதிது போட்டார், கம்பெனியுடையது இல்லை என்று சொல்லியே போட்டார். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். பேரம் பேசவில்லை.

அவரிடம் பிரஷர் டெஸ்ட் மெஷின் கிடையாது, அதையும் அவரே சொன்னார். கை கழுவலாம், குளிக்கக் கூடாது, அங்கே போய் டெஸ்ட் செய்த பிறகுதான் நீச்சல் என்றார். சிங்கப்பூரில் காற்றழுத்தத்தில் வைத்துக் கூடு எவ்வளவு நெளிகிறது என்று பார்க்கும் டெஸ்ட் செய்தேன், 100 மீட்டருக்குத் தேறிவிட்டது.

டயல் இப்போது அமைதியாக இருக்கிறது. தேதி மட்டும் உண்மையிலேயே சின்னது, வெள்ளெழுத்து உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு "இதுக்குப் போய்க் காசு குடுத்தியா" என்றார்.

அடுத்தது மாமா சவுதியில் வாங்கிய பழைய டேட்ஜஸ்ட், மாடல் 1601. அதைப் பற்றியும் பாயிடம் கேட்டு வைத்தேன். அது அக்ரிலிக் கண்ணாடி, லென்ஸும் கண்ணாடியும் ஒரே வார்ப்பு, தீ காட்டினால் மொத்தமும் போய்விடும். லென்ஸ் இல்லாத வேறு கண்ணாடிதான் போட வேண்டும், வாங்கிக்கொண்டு வாருங்கள், பத்து நிமிஷ வேலை என்றார். மாமாதான் இன்னும் சம்மதிக்கவில்லை.