புதுப் பெட்டியா, பழைய மூட்டையா, வேறு கம்பெனியா?

பெரியவர்களான பிறகு லெகோவின் பிரிக்குகளை (ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள்) வைத்துக் கட்ட உட்காருகிறவர்கள் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். சீல் பிரிக்காத புது செட் வாங்குவதா? யார் வீட்டிலோ பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் எடை போட்டு விற்கும் கலப்பு மூட்டையை எடுப்பதா? 'லெகோவோடு பொருந்தும்' என்று எழுதியிருக்கும் வேறு கம்பெனி செட்டா? மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டேன்.

வேறு கம்பெனியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் சண்டை அதிகம். பலர் அதை ஒரே வார்த்தையில் 'போலி' என்று தள்ளிவிடுகிறார்கள். அது சரியில்லை. மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற அமைப்புக்கு லெகோ காப்புரிமை கேட்டது 1958இல். அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பிரிக்கின் உருவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள லெகோ போராடியது. 2005இல் கனடா உச்ச நீதிமன்றமும், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் முடியாது என்று சொல்லிவிட்டன. ஆகவே பொருந்தும் பிரிக்கை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இன்னொருவர் வடிவமைத்த செட்டையும் பெட்டிப் படத்தையும் அப்படியே சுட்டு விற்பதுதான் போலி. அதை நான் தொடுவதில்லை. போலந்தின் கோபி மாதிரி சொந்தமாக வடிவமைக்கும் கம்பெனியை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம்.

சரி, தரம் எப்படி? இங்கே எல்லாமே பிடிமானத்தில் இருக்கிறது. குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. தூரம், பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ. மூன்று தட்டைத் துண்டுகளை அடுக்கினால் ஒரு பிரிக் உயரம் வர வேண்டும். ஒரு பிரிக்கில் 0.05 மி.மீ. பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. இருபது வரிசை ஏறியதும் அது 1 மி.மீ. ஆகிவிடும். நான் வாங்கிய ஒரு மலிவான கோபுர செட்டில் நடந்தது இதுதான். கீழ்த்தளம் அருமை, இரண்டாம் தளம் பரவாயில்லை, மூன்றாம் தளத்தில் ஜன்னல் சட்டம் உள்ளே போகவே மாட்டேன் என்றது. அழுத்தினேன், சுவர் பிரிந்து வந்தது. லெகோவின் புது செட்டில் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. 1958இல் செய்த பிரிக்கே இன்றைய பிரிக்கோடு ஒட்டும் என்னும்போது அதில் ஆச்சரியமும் இல்லை.

ஆனால் லெகோ தோற்கும் இடமும் உண்டு. இக்காலப் போர்த் தளவாடங்களை அது செட்டாகப் போடுவதில்லை. டாங்கி கட்ட ஆசைப்படுகிறவருக்கு கோபிதான் கதி, அதுவும் நல்ல கதியே. அங்கே எழுத்துகளும் குறிகளும் பெரும்பாலும் துண்டின் மேலேயே அச்சாகி வருகின்றன. லெகோவோ, விலை உயர்ந்த செட்டிலும் ஸ்டிக்கர் தாளை வைத்துவிட்டு, நேராக ஒட்டுவது உன் சமர்த்து என்று விட்டுவிடுகிறது.

புது செட்டின் சுகம் வேறு. எண் போட்ட பைகள், கையேடு, ஒரு துண்டும் குறையாது. அலுவலகத்திலிருந்து களைத்து வருகிறவருக்கு இதைவிட நல்ல மாலைப் பொழுது இல்லை. பெட்டி மேல் இருக்கும் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ஒப்பிடாதீர்கள். 2021இல் வந்த உலக வரைபடத்தில் 11,695 துண்டுகள். 2022இல் வந்த ஈஃபில் கோபுரத்தில் 10,001. முன்னதுதான் பெரியது என்று தோன்றும். ஆனால் அதில் பெரும்பாலானவை விரல் நகமளவு வட்டப் பொட்டுகள். கட்டும் அனுபவத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பெட்டியைப் பிரிக்காமல் அடுக்கி வைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2008இல் வந்த தாஜ்மஹால் செட் கடையை விட்டுப் போனதும் விலை எகிறியது. 2017இல் லெகோ அதையே மறுபடி வெளியிட்டது. அவ்வளவுதான் கதை.

என் மனசு மூட்டைப் பக்கம்தான். எட்டுக் குமிழ் பிரிக் ஆறு, எல்லாம் ஒரே நிறம், கையில் இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கையேடு அதில் ஒன்றைத்தான் காட்டும். மிச்சத்தைத் தேட மூட்டை வேண்டும்.

வேலை இருக்கிறது, மறைக்கவில்லை. முதலில் குமிழ்களைப் பாருங்கள், லெகோ என்று பெயர் இருக்கும். இல்லாததைத் தனியே ஒதுக்குங்கள். பிறகு 40 டிகிரியைத் தாண்டாத வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், கொதிநீர் ஊற்றினால் துண்டு வளைந்துவிடும். வெயில் பட்டுப் பழுத்த வெள்ளையை ஹைட்ரஜன் பெராக்சைடு ஓரளவு மீட்கும். பழைய செம்பழுப்புத் துண்டுகளை மெதுவாகத் தொடுங்கள், பிரிக்கும்போதே பிஸ்கட் மாதிரி உடைபவை உண்டு. சாம்பல் நிறத்திலும் ஒரு சிக்கல்: 2004 வாக்கில் லெகோ அதை நீலம் கலந்த சாம்பலாக மாற்றிவிட்டது. பழசும் புதுசும் ஒரே சுவரில் வந்தால் ஒட்டுப்போட்ட சட்டைதான்.

அப்புறம், நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்யும் தவறு இது, நானும் ஒரு வாரம் வீணடித்தேன். கறுப்புக் குவியலுக்குள் ஒரு சின்னக் கறுப்புக் கீலைத் தேடிப் பாருங்கள், புரியும். வடிவம் பார்த்துப் பிரித்தால் நிறம் தானாகக் கண்ணில் படும். என்ன கட்டுவது என்று தெரியாவிட்டால் ரீபிரிக்கபிள் தளத்தில் கைவசம் உள்ளதைப் பதிந்தால், எந்தெந்த மாடலுக்குத் தேறும் என்று காட்டும். குறையும் ஓரிரு துண்டுகளுக்கு, உதிரியாக வாங்கக்கூடிய பிரிக்லிங்க் தளம் இருக்கிறது; 2019இல் லெகோவே அதை வாங்கிக்கொண்டது.

என் மூட்டையிலிருந்து இதுவரை ஒரு தீயணைப்பு நிலையமும் முக்கால்வாசி ரயிலும் எழுந்திருக்கின்றன. ரயில் ஓட்டுநருக்கு உடம்பும் தொப்பியும் கிடைத்துவிட்டன. தலையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.