சர்வீஸ் முடிந்து திரும்பிய தராசும் அதன் ஆட்டோ ஜீரோவும்

எங்கள் அனலிட்டிகல் பேலன்ஸ், அதாவது மிக நுண்ணிய எடையையும் காட்டும் லேப் தராசு, சர்வீஸ் முடிந்து வந்திருப்பதைப் பார்த்துவிட்டு பக்கத்து லேப் நண்பர் "இதையே வாங்கலாமா?" என்று கேட்டார். 0.1 மில்லிகிராம் துல்லியம் எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான்.

அடியில் ஒரு கொக்கி இருக்கிறது பாருங்கள், அதற்காகவே இதைக் கொண்டாடலாம். ஈரம் ஏறிய நைலான் ஃபிலிமை மெல்லிய கம்பியில் கோத்து, உலர் நைட்ரஜன் ஓடும் குழாய்க்குள் தொங்கவிட்டால், ஈரம் வெளியேற வெளியேற எடை தானாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். டெசிகேட்டரிலிருந்து (ஈரமில்லாமல் வைக்கும் மூடிய பாத்திரம்) எடுத்து எடை போடும் நேரத்துக்குள் ஃபிலிம் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் தொல்லையே கிடையாது. வாயு ஓட்டத்தை மட்டும் பார்த்து வைக்க வேண்டும். குறைத்தால் பரப்பில் ஈரம் தேங்கும், கூட்டினால் ஃபிலிம் ஆடும்.

ஆனால் இந்த ஆட்டோ ஜீரோ! சர்வீஸ்காரர்கள் எல்லா அமைப்பையும் ஃபேக்டரி நிலைக்கு மாற்றி அனுப்பிவிட்டார்கள், அதில் ஆட்டோ ஜீரோவும் ஆன் ஆகிவிட்டது, பில்லில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பூஜ்யத்துக்கு அருகே நொடிக்குக் கடைசி இலக்கத்தில் பாதிக்கும் குறைவாக நகரும் எதையும் தராசு தன் சொந்த நகர்வு என்று எடுத்துக்கொண்டு பூஜ்யமாக்கிவிடும். 100 மைக்ரான் ஃபிலிமிலிருந்து ஈரம் வெளியேறும் வேகம் அதைவிடக் குறைவு. டேர் செய்து, அதாவது இருக்கும் எடையையே பூஜ்யமாக வைத்து, தொடங்கினால் ஈரம் போய்க்கொண்டே இருக்க, திரை 0.0000 என்றே நிற்கும், ஏதாவது அதிர்வு வந்து தட்டிய பிறகுதான் எண்ண ஆரம்பிக்கும். எடை இழப்பை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் தொடக்கத்தில் ஒரு தாமதம் தெரியும், பார்க்க அப்படியே பரப்புத் தடை (ஃபிலிமின் மேற்பரப்பே ஈரத்தை வெளியேற விடாமல் தடுப்பது) மாதிரி இருக்கும். அதை நம்பி ஒரு மாணவர் கணக்கெல்லாம் போட்டுவிட்டார். சின்னத் தட்டில் தண்ணீர் வைத்து டேர் செய்து காட்டினேன், நீர் ஆவியாகிக்கொண்டிருக்க எண் அசையவே இல்லை.

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியும் தராசுக்கில்லை. நாங்கள் தேடும் விடையான டிஃப்யூஷன் குணகம் (ஈரம் ஃபிலிமுக்குள் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று சொல்லும் எண்) தடிமனின் வர்க்கத்தோடு போவதால், தடிமனில் 5% பிசகினாலே விடையில் 10% போய்விடும், அது மைக்ரோமீட்டர் பிடிக்கிற கையின் பாடு. டேர் செய்யாமல் முழு எடையைப் பதிந்தாலும் ஆட்டோ ஜீரோ தலையிடாது.

இருந்தாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த அமைப்பு மெனுவின் அடியாழத்தில் கிடக்கிறது, அது ஆனா ஆஃபா என்று திரையில் ஒரு குறிகூடக் கிடையாது. கொக்கியும் இருந்து, இதை முகப்பிலேயே காட்டுகிற வேறு மாடலாகப் பாருங்கள்.