உப்புவெளியில் நடந்த ஆய்வுகூடப் பாதுகாப்புச் செயலமர்வு: என் அனுபவம்

திருகோணமலையில் மருத்துவ ஆய்வுகூடம் வைத்திருப்பவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் இந்தச் செயலமர்வுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். போங்கள். கட்டணம் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் போங்கள். எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று சின்னது. மற்றதை அடுத்த முறைக்குள் ஏற்பாட்டாளர்கள் கட்டாயம் திருத்த வேண்டும். நான் நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். இரத்தம், சளி, சீழ் என்று நாள் முழுக்க மற்றவர்களின் நோயோடு வேலை என்பதால் இதை அக்கறையோடுதான் எழுதுகிறேன்.

பயிற்றுநர் ஓய்வுபெற்ற நுண்ணுயிரியலாளர். எல்லோரும் "மிஸ்" என்றுதான் கூப்பிட்டோம். விதிகளை வரிசையாக வாசித்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு விதியும் யாருடைய நோயால் வந்தது என்று அவர் சொன்னதுதான் இந்தச் செயலமர்வின் பலம். "நாங்கள் படிச்ச காலத்தில குழாயை வாயில வச்சுத்தான் உறிஞ்சினம் பிள்ளைகள்" என்று, திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெற் குழாயைப் பற்றித் தொடங்கினார். அப்படி உறிஞ்சி ஒரு வைத்தியருக்கு டைஃபாய்டு வந்தது 1893 இலேயே பதிவாகியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தும் பிப்பெற்றை ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் உருவாக்கியது 1957 இல். அதே மார்பர்க்கிலும் ஃபிராங்ஃபர்ட், பெல்கிரேட் நகரங்களிலும் 1967 இல் உகண்டாவிலிருந்து வந்த குரங்குகளின் திசுக்களைக் கையாண்டவர்களிடம் ஒரு புதுக் காய்ச்சல் தொடங்கியது. 31 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். அதுதான் மார்பர்க் வைரஸ்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பைக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976 இல் வெளியிட்ட கணக்கு. ஆய்வுகூடங்களில் தொற்றிய 3,921 நோய்களை அவர் தொகுத்தார். ஊசி குத்தியது, குப்பி உடைந்தது என்று சொல்லக்கூடிய விபத்து இருந்தது அவற்றில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவர்களுக்கு எப்போது தொற்றியது என்றே தெரியவில்லை. மாதிரிக் குழாயின் மூடியைத் திறக்கும்போதும், மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ரிஃபியூஜ் சுற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் கலக்கின்றன. அதனால்தான் காற்றை உள்ளே இழுத்து வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள்.

அந்தப் பெட்டியை ஸ்லைடில் காட்டிவிட்டு விடாமல், பக்கத்து ஆய்வுகூடமொன்றுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். மிஸ் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியின் வாயருகே பிடித்தார். புகை நேராக உள்ளே இழுபட்டு முன்பக்கக் கிராதிக்குள் போனது. அப்புறம் நிற்கும் ஃபேனைப் போடச் சொன்னார். அதே புகை எங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தது. மே மாத வெயிலில் திருகோணமலையில் ஃபேன் இல்லாமல் யார் வேலை செய்கிறோம்? பல இலட்சம் கொடுத்து வாங்கிய பெட்டியை ஒரு ஃபேன் வெறும் அலுமாரி ஆக்கிவிடுகிறது. இதற்காகவே கட்டணம் கட்டலாம். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே செய்து காட்டினார்கள்: வேலையை நிறுத்து, மாதிரிகளை மூடு, கண்ணாடியை இறக்கு, கரண்ட் வந்ததும் காற்றோட்டம் சீராகும்வரை பொறு.

நீல வெளிச்சத்தில் ஒளிரும் பொடியைக் கையுறையில் பூசிவிட்டுக் கழற்றச் சொன்ன பயிற்சியும் அருமை. கதவுப் பிடி, பேனா, கைபேசி எல்லாம் ஒளிர்ந்தன.

சின்னக் குறை இது. மிக ஆபத்தான கிருமிகளுக்கான நான்காம் நிலை ஆய்வுகூடத்தின் காற்றடைத்த உடை, இரட்டைக் கதவு என்று ஒரு முழு அமர்வு போனது. நாங்கள் வேலை செய்வது இரண்டாம் நிலையில். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 கையேடே எண்ணைப் பார்க்காதே, செய்கிற வேலையின் ஆபத்தை மதிப்பிடு என்றுதான் சொல்கிறது. அந்த நேரத்தை, நீராவியின் அழுத்தத்தால் கிருமிகளைக் கொல்லும் ஓட்டோக்லேவுக்குக் கொடுத்திருக்கலாம். 121 பாகைக்கு ஏறிவிட்டது என்று முள்ளைப் பார்த்து நம்புகிறோம். வெப்பத்தைத் தாங்கும் கிருமி வித்துகள் உள்ள பட்டியை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று சோதிக்கும் இடங்கள் எத்தனை?

பயோசெக்யூரிட்டி அமர்வு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. பயோசேஃப்டி கிருமியிடமிருந்து மனிதரைக் காக்கிறது. பயோசெக்யூரிட்டி கிருமி தவறான கைக்குப் போகாமல் காக்கிறது. 1943 இல் அமெரிக்க இராணுவம் கிருமி ஆயுதத்துக்காகத் தொடங்கிய டெட்ரிக் முகாமில்தான் ஆர்னல்ட் வெடம் போன்றவர்கள் இன்றைய பாதுகாப்பு முறைகளுக்கு அடித்தளம் போட்டார்கள். 2001 இல் அமெரிக்காவில் கடிதங்களில் அந்த்ராக்ஸ் கிருமித் தூள் வந்து 5 பேர் இறந்தபோது, அனுப்பியவர் அதே டெட்ரிக்கில் வேலை செய்த விஞ்ஞானி என்றுதான் எஃப்.பி.ஐ. முடிவுக்கு வந்தது. பெட்டியும் வடிகட்டியும் அதைத் தடுக்காது. உறைபெட்டியில் என்ன இருக்கிறது, சாவி யாரிடம், வேலையை விட்டவரிடமிருந்து அது திரும்பி வந்ததா என்ற பதிவேடுதான் வேண்டும்.

இது நமக்கெதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். மிஸ் மெலியோடோசிஸ் என்ற நோயைச் சொன்னார். அதைத் தருவது நம் வயல் மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமி, மழைக்காலத்தில் சீனி வருத்தக்காரரை அதிகம் பிடிக்கும். ஆய்வுகூடத்தில் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்று தவறாக நினைக்க இடமுண்டு. இதே கிருமி அமெரிக்காவில் மிகக் கடுமையான காவல் பட்டியலில் இருக்கிறது. ஆகவே கிருமி வளர்க்கும் தட்டை மூக்கருகே கொண்டுபோய் மணக்கும் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். உறுதியானபின் வளர்ப்பைத் தேவையில்லாமல் வைத்திருக்கவும் கூடாது.

இனிப் பெரிய குறை. 1978 இல் பர்மிங்ஹாம் மருத்துவக் கல்லூரியில் பெரியம்மையால் இறந்த ஜேனட் பார்க்கரின் கதையை மிஸ் விரிவாகச் சொன்னார். உலகில் பெரியம்மைக்குக் கடைசியாக உயிரைக் கொடுத்தவர் அவர். வைரஸைத் தொட்டவர் அல்ல. பெரியம்மை வைரஸை வைத்திருந்த ஆய்வுகூடத்துக்கு மேல் மாடியில் வேலை செய்த புகைப்படக் கலைஞர். எந்த வழியாக அவருக்குத் தொற்றியது என்பதில் இன்றும் கருத்து ஒற்றுமை இல்லை. சரி, இதைக் கேட்டுக்கொண்டிருந்த மண்டபத்தில் யார் இருந்தோம்? எம்.எல்.டி.க்கள், வைத்தியர்கள், மாணவர்கள். ஆய்வுகூடக் கழிவின் மஞ்சள் வாளியைத் தூக்கும் அக்காமார் ஒருவரும் இல்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஐஸ் பெட்டியில் மாதிரி கொண்டுவரும் அண்ணாமாரும் இல்லை. அவர்களுக்கு அழைப்பே போகவில்லை. வந்திருந்தாலும் ஸ்லைடுகள் ஆங்கிலத்தில், கையேடும் ஆங்கிலத்தில்.

ஏற்பாட்டாளர்களிடம் இதை நேரிலும் சொன்னேன், இங்கேயும் கேட்கிறேன். தமிழில் ஒரு நாள், கட்டணம் இல்லாமல், அவர்களுக்கு நடத்துங்கள். ஊசியைத் திரும்ப மூடாமல் கூர்ப்பெட்டியில் போடுவது, கசியாத மூன்று அடுக்குப் பொதி, சிந்தினால் கடதாசியால் மூடி விளிம்பிலிருந்து நடுவுக்குக் குளோரின் கரைசல் ஊற்றிக் காத்திருப்பது, குத்திவிட்டால் யாரிடம் உடனே சொல்வது. இவ்வளவும் ஒரு காலைப் பொழுதில் முடியும். மூதூரில் நடத்துவதென்றால் எங்கள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க நானே வருகிறேன்.