லாக்கர் என்று சொல்லி வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள்: பழைய ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சேற்றிலும் மேட்டிலும் வண்டி திணறுகிறது, ஏதாவது செய்ய வேண்டும் என்று பட்டறைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் லாக்கருக்கு, அதாவது ஒரே ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுழல வைக்கும் கருவிக்கு, பணம் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது டிஃபரன்ஷியலுக்குள், அதாவது என்ஜின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்புக்குள், வைத்த நாலு வெல்டிங். அதனால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்று உடைந்தது. அதற்கு முன் மழையில் வண்டி சறுக்கிய அன்று எதிரே வண்டி எதுவும் வராததால் உயிர் தப்பினேன்.

என்னுடையது முப்பது வயதை நெருங்கும் ஜீப். லீஃப் ஸ்பிரிங், கையால் திருகி லாக் செய்யும் முன் ஹப் (முன் சக்கரத்தை அதன் ஷாஃப்டோடு இணைக்கும் பாகம்), லிவர் போட்டால் மட்டும் வேலை செய்யும் ஃபோர் வீல். ஈரமான ஏற்றம் ஒன்றில் அது தொடர்ந்து மூன்று முறை நின்றுபோனது. பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று குழி தோண்டியது. முன் சக்கரங்கள் இரண்டும் அசையவே இல்லை. இதைப் பட்டறையில் அப்படியே சொன்னேன். நான் சொன்ன அந்தக் கடைசி வரியிலேயே உண்மையான கோளாறு இருந்தது. அதைக் காதில் வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

“பின்னாடி லாக்கர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்ன காரணத்தில் தப்பில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால், அந்த வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும். லாக்கர் இருந்தால் இரண்டும் சேர்ந்து சுழலும். இது எனக்கும் தெரிந்த விஷயம்தான், அதனால் எளிதாக நம்பிவிட்டேன். லாக்கரின் விலை, பிரித்து மாட்டும் கூலி, கிரவுன் பினியன் செட்டிங் (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய, சின்னப் பற்சக்கரங்களைச் சரியாகப் பொருத்துவது) என்று மூன்று கணக்குச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் வண்டி வாங்கிய பணத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. முழுவதையும் முன்பணமாகவே கொடுத்தேன். அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. லாக்கர் வந்த பெட்டி எங்கே என்றேன், குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். கழற்றிய பழைய கியர்களைக் கேட்டேன், பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டாராம். பில்லில் “பின் லாக்கர் வேலை” என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், வரிசை எண் என்ன, ஒன்றும் இல்லை. வண்டி கைக்கு வந்த மகிழ்ச்சியில் அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

முதல் திருப்பத்திலேயே பின் டயர்கள் கத்தின. காய்ந்த ரோட்டில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி விறைத்துக்கொண்டு உதறியது. போனில் கேட்டதற்கு, “புதுசு சார், பழகப் பழக அடங்கிவிடும்” என்றார். அடங்கவில்லை. ஒரு மழை நாளில் சாதாரண வளைவில் மெதுவாகத்தான் போனேன். பின்பக்கம் மொத்தமாக வெளியே சறுக்கி எதிர்ப்பக்கம் போய் நின்றது. அதற்கு இரண்டு நாள் கழித்து, வீட்டுக்குத் திரும்பும் முனையில் ‘தடால்’ என்று ஒரு சத்தம். இடது ஷாஃப்ட் போய்விட்டது. என் வண்டியில் பின் ஆக்ஸில் ஃபுல் ஃப்ளோட்டிங் வகை, சக்கரம் ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் மேலேயே தனியாக நிற்கும். அதனால் சக்கரம் கழன்று ஓடவில்லை. செமி ஃப்ளோட்டிங் வகையில் சக்கரம் ஷாஃப்டிலேயே தொங்குகிறது. அதில் வெளிமுனையில் உடைந்தால் சக்கரமே வெளியே வந்துவிடலாம். இதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

வேறொரு மெக்கானிக் என் கண் முன்னாலேயே பிரித்தார். ஆயில் சாம்பல் நிறத்தில் மின்னியது, வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் இரும்புத் துணுக்குகள். மாவு மாதிரி மெல்லிய துகள் ஒட்டியிருப்பது வழக்கம்தான். இவை கையில் குத்தும் துணுக்குகள். உள்ளே, இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பழைய ஸ்பைடர் கியர்கள் நாலும் அப்படியே இருந்தன, ஒன்றோடு ஒன்று வெல்டிங் வைத்து. செட்டிங் என்று கூலி வாங்கினார்களே, கிரவுன் வீலை அவர்கள் கழற்றிய அடையாளம்கூட இல்லை.

வெல்டிங் வைப்பதையே குறை சொல்லவில்லை. ரோட்டுக்கே வராத, காட்டுக்கு மட்டும் ஓடும் வண்டிகளுக்குச் சிலர் தெரிந்தே இப்படிச் செய்கிறார்கள். செலவும் மிகக் குறைவு. ஆனால் திருப்பத்தில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். தானாக இயங்கும் லாக்கர் அதற்கு விட்டுக்கொடுக்கும், ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு வெளிச் சக்கரத்தை முந்திப் போக விடும். வெல்டிங் விட்டுக்கொடுக்காது. ஒன்று டயர் தேய வேண்டும், இல்லை ஷாஃப்ட் முறுக வேண்டும். தினமும் ரோட்டில் ஓடும் வண்டியில், உரியவரிடம் சொல்லாமல், லாக்கர் விலையை வாங்கிக்கொண்டு இதைச் செய்வது ஏமாற்று வேலை மட்டும் இல்லை, ஆபத்தான வேலை. நேரில் போய்க் கேட்டபோது, “லாக் ஆகணும்னு கேட்டீங்க, லாக் ஆயிடுச்சே” என்றார். பணம் இன்றுவரை திரும்பவில்லை.

நீங்கள் தானாக இயங்கும் லாக்கர் போட்டிருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். என்ஜினை அணைத்து, டூ வீலில் கியரில் போடுங்கள். ஹேண்ட் பிரேக் பின் டிரம்மைப் பிடிக்கும் வகை என்றால் விட்டுவிடுங்கள். ஒருவர் ஒரு சக்கரத்தை முன்பக்கமாக அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் அடுத்த சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுழற்றிப் பாருங்கள், அப்புறம் திசையை மாற்றியும் பாருங்கள். தானியங்கி லாக்கர் என்றால் டிக் டிக் என்று சுழலும். வெல்டிங் என்றால் பற்களுக்கு இடையிலான அந்தச் சின்ன ஆட்டத்தைத் தவிர எதுவும் நகராது. ஒரு சக்கரம் எளிதாக ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் சுழன்றால் அது வெறும் சாதாரண டிஃபரன்ஷியல், உள்ளே எதையுமே மாற்றவில்லை என்று அர்த்தம்.

இன்னும் போடவில்லை என்றால், பிரிக்கும்போதும் மூடும்போதும் பக்கத்தில் நில்லுங்கள், பெட்டியில் உள்ள எண்ணைப் படம் எடுங்கள், பழைய கியரை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பைடர் கியர் இருக்கும் இடத்தில் மட்டும் உட்காரும் சின்ன லாக்கருக்குப் பொதுவாகக் கிரவுன் பினியன் செட்டிங்கே தேவைப்படாது. அந்தக் கியர்களைத் தாங்கும் கூடான கேரியரையே மாற்றும் வகைக்குத்தான் அது வேண்டும். இரண்டில் எது என்று கேட்டாலே பல பேரின் பேச்சு மாறிவிடும்.

இனி முன் சக்கரங்கள் அசையவில்லை என்றேனே, அதற்கு வருகிறேன். இரண்டாவது மெக்கானிக் முதலில் கேட்டதே அதைத்தான். ஃபோர் வீலில் வண்டி சிக்கினால் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று இரண்டு சக்கரமாவது சுழல வேண்டும். முன்னால் எதுவுமே சுழலவில்லை என்றால் முன் ஆக்ஸிலுக்கு இழுவை போகவில்லை. அவர் இரண்டு ஹப்பையும் லாக்கில் வைத்து, ஃபோர் வீல் லிவரையும் கியரையும் போட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுழற்றினார். அது அசையக் கூடாது. தாராளமாகச் சுற்றியது. வலது ஹப்புக்குள் கிரீஸ் காய்ந்து கட்டியாகி, வெளியே டயல் லாக் என்று காட்டினாலும் உள்ளே வளையம் நகரவே இல்லை. ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டால் போதும், இழுவை எல்லாம் அந்த வெறும் ஷாஃப்டைச் சுற்றுவதிலேயே போய்விடும், மறுபக்கச் சக்கரத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. இத்தனை நாளும் நான் ஓட்டியது டூ வீல் வண்டியைத்தான்.

ஹப்பைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்க ஒரு மதியம் ஆனது. பின்னால் வெல்டிங் வைத்ததை எடுத்துவிட்டுப் பழையபடி சாதாரண டிஃபரன்ஷியலும் புது ஷாஃப்டும் போட்டோம். ஏற்றத்தின் அடியில் டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கினேன். காற்றுக் குறைந்தால் டயர் தரையில் படும் இடம் நீளமாகிறது, பிடிப்பு கூடுகிறது. ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும், குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். ஃபோர் வீல் லோவில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) இரண்டாவது கியர், ஆக்ஸிலேட்டரை அதிகம் மிதிக்காமல் சீராக. மூன்று முறை நின்ற அதே இடத்தில் வண்டி நிற்காமல் ஏறியது.

சமீபத்தில் லாக்கர் போட்டு, காய்ந்த ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கத்தும் வண்டி உங்களிடம் இருந்தால், பழகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். மழையில் வெளியே எடுக்கும் முன் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.