ரிசீவருக்கு ஒரு காத்தாடி: சேலம் வெயிலில் சத்தமில்லாத ஃபேன்கள்

சேலத்தில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவருக்கு மே மாதத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பகலில் வெளியே 40 டிகிரியைத் தொடும். இரவு ஒன்பது மணிக்கும் ஹாலில் 34, 35 இருக்கும். எங்கள் வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள் ஏழு சேனல் ஏ.வி. ரிசீவர் (ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டி), அதன் தலைமேல் செட்-டாப் பாக்ஸ், பக்கத்தில் ஒரு மீடியா பிளேயர். படம் பாதி ஓடுவதற்குள் ரிசீவரின் மேல் தகட்டில் கை வைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் சூடு தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே ப்ரொடெக்ஷனில் போய் அணைந்துவிடும். மீன் தொட்டிக்கு விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன். 55ஐத் தாண்டியது. சின்ன ஃபேன்கள் மாட்டியது அப்புறம்தான். நாலைந்து கோடை பார்த்துவிட்டதால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

வால்யூமைக் குறைத்து வைத்தால் சூடு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான ரிசீவர்களில் இருப்பது, சத்தம் வராதபோதும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் ஏபி வகை ஆம்ப்ளிஃபயர். பாட்டே ஓடாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலும் ஐம்பது வாட் அளவுக்கு இழுத்து, அதைச் சூடாகவே வெளியே விடும். செட்-டாப் பாக்ஸ் இன்னும் மோசம். ஸ்டாண்ட்பையில் போட்டாலும் பல பெட்டிகள் ஆறுவதில்லை. இந்தச் சூட்டில் முதலில் சாவது போர்டில் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். அவற்றுக்கு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு. ரிசீவர் வாங்கிய விலையை நினைத்தால் ஃபேன் செலவு ஒன்றுமே இல்லை.

எவ்வளவு காற்று வேண்டும்? நூறு வாட் சூட்டை வெளியேற்றி, ஷோகேஸுக்கும் அறைக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க, மணிக்குச் சுமார் 30 கன மீட்டர் காற்று போதும். நல்ல 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் முழு வேகத்தில் திறந்த வெளியில் இதைப்போல மூன்று மடங்கு தள்ளும். பலகையும் சல்லடையும் பாதியைத் தின்றாலும் மிச்சம் இருக்கிறது. அதனால் ஃபேனை முழு வேகத்தில் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் 15 டெசிபெல் அளவுக்கு விழுந்துவிடும். ஒரு ஃபேனை முழு வேகத்தில் விடுவதற்குப் பதில் இரண்டை அரை வேகத்தில் விட்டால் காற்று அதேதான். இரண்டு ஃபேன் என்பதால் 3 டெசிபெல் கூடும். அது போகவும் 12 டெசிபெல் லாபம். 80 மி.மீ. ஃபேனை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அதே காற்றைத் தள்ள அது வேகமாகச் சுற்றியாக வேண்டும், கொசு மாதிரி கீச்சென்று கத்தும்.

முதலில் வாங்கியது ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கிடைத்த பெயர் தெரியாத ஸ்லீவ் பேரிங் ஃபேன், அதாவது அச்சு எண்ணெய் போட்ட வெறும் குழாய்க்குள் சுற்றும் மலிவு வகை. ரிசீவரின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து ஓட்டினேன். அடுத்த கோடைக்குள் கரகரவென்று ஆரம்பித்துவிட்டது. இந்த வகை பேரிங் நின்றபடி ஓடினால் தாக்குப்பிடிக்கும். படுக்க வைத்தால் எண்ணெய் கசிந்து தேய்மானம் கூடும், நம் ஊர் சூட்டில் எண்ணெய் காய்வதும் சீக்கிரம். அதற்குப் பிறகு வாங்கியவை நாக்டுவாவின் 120 மி.மீ. ஃபேன்கள் இரண்டு. ஆஸ்திரிய நிறுவனம், ஆறு வருட வாரண்டி, விலையைக் கேட்டால் கொஞ்சம் நெஞ்சு அடைக்கும். சில மாடல்கள் வருகிற அந்தக் காவி பழுப்பு நிறத்தை வீட்டம்மா பார்த்துவிட்டு, "என்னங்க, இதுக்குப் போயா இவ்வளவு காசு?" என்றார். நிறத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இன்று வரை பேரிங்கில் ஒரு முனகல் கூட இல்லை. பட்ஜெட் இடிக்கிறதென்றால் ஆர்க்டிக் பி12 பார்க்கலாம். அச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றும் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங், விலை பல மடங்கு குறைவு.

மாட்டும் இடம்தான் பாதி வேலை. ஷோகேஸின் பின்பலகையில் மேல் பக்கமாக ஆசாரியை வைத்து இரண்டு வட்டம் வெட்டினோம். ஃபேன்கள் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளும். கீழ்த்தட்டில் அதே அளவுக்குத் திறப்பு விட்டோம். உள்ளே வர வழி இல்லாமல் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று நகராது. ஷோகேஸைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தியதும் இதில் சேர்த்தி. திருகாணிக்குப் பதில் சிலிக்கான் பின் போட்டோம், இல்லாவிட்டால் ஃபேனைவிடப் பிளைவுட் பலகைதான் அதிகம் உறுமும். சல்லடையை ஃபேனின் உறிஞ்சும் பக்கத்தோடு ஒட்டி வைத்தால் ஒரு சீழ்க்கைச் சத்தம் வருகிறது. இரண்டு விரல் இடைவெளி விட்டதும் போய்விட்டது.

மின்சாரத்துக்கு, வோல்ட் மாற்றுகிற சுவிட்ச் உள்ள அடாப்டர் ஒன்று. 12 வோல்ட் ஃபேனை 7.5இல் ஓட்டுகிறேன். 5 வோல்ட்டுக்கு இறக்கினால் சில ஃபேன்கள் கிளம்புவதற்கே திணறும். ஃபேனுக்குப் போகும் ஒயரின் நடுவில், தனி 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் டபிள்யூ1209 என்கிற சின்ன தெர்மோஸ்டாட் போர்டு, சூட்டைப் பார்த்து ஃபேனைப் போட்டு நிறுத்தும். சிவப்பு எண்கள் தெரியும், ஒயர் நுனியில் சென்சார் இருக்கும், விலை அற்பம். 40 டிகிரியில் ஓட ஆரம்பித்து 37க்கு வந்ததும் நிற்கிற மாதிரி வைத்திருக்கிறேன். மே மாதத்தில் ஹாலே 37ஐத் தொட்டுவிடும். அப்படியே விட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது என்பதால் அந்த ஒரு மாதத்துக்கு 43 ஆக ஏற்றிவிடுவேன். ரிசீவரின் பின்னால், மற்ற கருவிகளுக்கு ஆன் ஆகச் சைகை கொடுக்க இருக்கும் 12 வோல்ட் ட்ரிகரிலிருந்தே நேராக எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் 100, 150 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். கிளம்பும்போது ஃபேன் அதற்கு மேல் கேட்கும். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ரிசீவரின் போர்டை ஆபத்தில் விட எனக்கு மனமில்லை.

இப்போது உள்ளே 42, 43க்கு மேல் போவதில்லை. ப்ரொடெக்ஷன் விழுவது நின்றே போயிற்று.

சத்தத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். கோடையில் எங்கள் ஹாலில் இந்த ஃபேன்கள் கேட்கவே கேட்காது. காரணம் நாக்டுவா இல்லை, தலைக்கு மேல் ஐந்தில் ஓடுகிற சீலிங் ஃபேன். போதாக்குறைக்கு எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். எதிர் வரிசையில் விசைத்தறிக் கூடம். 17 டெசிபெல்லா 20 டெசிபெல்லா என்று அட்டையைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வது இங்கே வீண். ஆடிப் பண்டிகைக்குத் தறி நிற்கும் நாட்களிலும், மார்கழியில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்க்கும்போதும்தான் அதிக விலையின் அருமை தெரிகிறது. ஏசி போட்ட தனி அறையில் பார்ப்பவர்கள் என்றால் தயங்காமல் நல்ல ஃபேனே வாங்குங்கள்.

எங்களுக்குச் சத்தத்தைவிடப் பெரிய எதிரி பஞ்சு. குகை, கொண்டலாம்பட்டி பக்கம் இருப்பவர்களுக்கும் இது தெரியும். தறியிலிருந்து பறக்கும் நூல் பிசிறு ஜன்னல் வழியே வந்து எங்கும் படியும். சாதாரணத் தூசி என்றால் தட்டினால் போகும். இந்தப் பிசிறு இறக்கையின் விளிம்பில் சுற்றிக்கொண்டு மெத்தை மாதிரி ஆகிவிடும். காற்று குறையும், எடை ஒரு பக்கம் சாய்ந்து ஃபேன் அதிரும், எவ்வளவு நல்ல ஃபேனும் அப்போது சத்தம் போடத்தான் செய்யும். காற்று உள்ளே வரும் கீழ்த் திறப்பில் கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்து வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒரு முறை கழற்றி அலசிக் காயப்போட வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் உள்ளே சூடு நாலைந்து டிகிரி ஏறியிருப்பது தெர்மாமீட்டரில் அப்படியே தெரியும். ஃபேனை பிளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

ஏற்காட்டில் மச்சினன் வீட்டுக் கதை நேர் எதிர். 1,500 மீட்டர் உயரம், ஹாலில் சீலிங் ஃபேனே கிடையாது. என் செட்டப்பைப் பார்த்துவிட்டு அவனும் ஒன்று மாட்டி, எப்போதும் மின்சாரம் இருக்கும் யூ.எஸ்.பி. பாயிண்டில் செருகிவிட்டான். ராத்திரி படம் பார்க்கும்போது, "மாமா, ஃபேன் சத்தம் தனியாக் கேக்குதுங்க" என்கிறான். அந்த அமைதியில் கேட்கத்தான் செய்யும். அதைவிட முக்கியம், ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில் நாள் முழுக்க ஃபேன் ஓடினால் ஈரக் காற்றைக் கொண்டுபோய் போர்டுகளின் மேல் ஊற்றுவது போல் ஆகிவிடும். அங்கே ரிசீவரின் சூடு கொஞ்சம் இருப்பதே நல்லது. ஃபேனைக் கழற்றச் சொன்னேன், கேட்கவில்லை. கடைசியில் ஷோகேஸின் பின்பலகையை முழுதாக எடுத்துவிட்டு, 35 டிகிரிக்கு ஒரு தெர்மோஸ்டாட் வைத்தோம். அதற்குப் பிறகு ஃபேன் ஓடியதை அவன் பார்த்ததாகவே ஞாபகம் இல்லையாம்.

எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே குறை அந்த டபிள்யூ1209இன் ரிலே, அதாவது காந்தத்தால் அசையும் சுவிட்ச். ஃபேன் கிளம்பும்போதும் நிற்கும்போதும் டக்கென்று ஒரு சத்தம், அதுவும் படத்தில் யாரும் பேசாத இடமாகப் பார்த்து வரும். ரிலே இல்லாமல், அசையும் பாகமே இல்லாத மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வைத்து, சூட்டுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டு ஒன்றை அடுத்ததாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன். அப்படி வாங்குபவர்கள் நாலு ஒயர் ஃபேனாக எடுங்கள் (நாலாவது ஒயர் வேகத்தைக் கட்டுப்படுத்த), கன்ட்ரோலர் 25 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். அந்த அதிர்வெண் காதுக்கு எட்டாது. எல்.இ.டி. விளக்குக்கு விற்கும் டிம்மரை ஃபேனில் மாட்டினால் மோட்டாரே ரீங்காரம் போடும்.