கொரியாவில் ஆங்கில ஆசிரியர் பணி: ஹாக்வோனா, அரசுப் பள்ளியா?

ரொறன்ரோவிலிருந்து 2017 ஓகஸ்ட் மாதத்தில் தென்கொரியாவுக்குச் சென்ற நான், முதல் ஆண்டு கியோங்கி மாகாணத்தில் ஒரு ஹாக்வோனில், அதாவது கட்டணம் செலுத்திப் படிக்கும் தனியார் பயிற்சி நிலையத்தில் கற்பித்தேன். அதன் பின் மூன்று ஆண்டுகள், கல்வி அமைச்சின் கீழ் 1995 முதல் நடைபெறும் 'எபிக்' திட்டத்தின் வழியாக, கிம்ஹே நகரத்தின் அரசு ஆரம்பப் பள்ளி ஒன்றில் கற்பித்தேன். இரண்டு வாசல்களாலும் நுழைந்து பார்த்தவன் என்பதால், அங்கே போக எண்ணும் நம்மவர்கள் இரண்டில் எது நல்லது என்று என்னிடம் கேட்பதுண்டு. என் சாய்வு அரசுப் பள்ளியின் பக்கம். சம்பளத்தையோ வேலை நேரத்தையோ வைத்து நான் இந்த முடிவுக்கு வரவில்லை. பலரும் ஒப்பந்தத்தில் வாசிக்காமல் கடந்துபோகும் ஒரு விடயமே என்னை அந்தப் பக்கம் சாய்த்தது.

தகுதியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கு உரியது. இளங்கலைப் பட்டமும் குற்றப்பின்னணிச் சான்றிதழும் இரு வழிகளுக்கும் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா–கொரியா பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம் ஒரு குறுகிய வழியைத் திறந்திருக்கிறது. அதற்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் தகுதிச் சான்றிதழ் அவசியம். எபிக் திட்டம் இவற்றுக்கு மேலும் ஒன்றைக் கேட்கிறது: ஏழாம் வகுப்பு முதல் அந்த ஏழு நாடுகளில் ஒன்றில் படித்திருக்க வேண்டும். பதின்ம வயதின் பிற்பகுதியில் புலம்பெயர்ந்தவர்கள் இந்த இடத்தில் தடுக்கப்படக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

வெளிப்படையாகத் தெரியும் வேறுபாடுகள் சிலவே. பள்ளியில் காலை எட்டரைக்குப் போய் மாலை நாலரைக்குத் திரும்பலாம். வாரத்துக்கு 22 பாடவேளைகள், அதற்கு மேல் எடுத்தால் கூடுதல் ஊதியம். ஹாக்வோனில் பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவதால் வேலை பிற்பகலில் தொடங்கி இரவு ஒன்பது, பத்து வரை நீளும். சியோலில் இரவு பத்து மணிக்கு மேல் ஹாக்வோன்கள் கற்பிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது என்பதிலிருந்தே அந்த நேரங்களின் தன்மை விளங்கும். பள்ளி வகுப்பில் என் முன் இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தார்கள், ஹாக்வோனில் எட்டுப் பேர். எபிக் ஒப்பந்தம் இப்போது 26 பணிநாள்கள் விடுமுறை தருகிறது, ஹாக்வோனில் எனக்குக் கிடைத்தவை பத்து நாள்கள். இவற்றில் எது உகந்தது என்பதை ஒவ்வொருவரும் தம் இயல்பை வைத்துத் தீர்மானித்துக்கொள்ளலாம். இரவில் விழித்திருந்து காலையில் நன்றாகத் தூங்கப் பழகிய என் அறைத்தோழருக்கு ஹாக்வோன் நேரம் மிகவும் பிடித்திருந்தது.

சம்பளத்தைப் பார்த்தால் ஹாக்வோனே முன்னிற்கும். எனக்கு ஹாக்வோன் மாதம் 23 இலட்சம் வோன் தந்தது. பள்ளியில் தொடங்கியது 21 இலட்சம். ஆண்டுக்கு 24 இலட்சம் வோன் வேறுபாடு. கனடாவில் மாணவர் கடன் மீதமிருந்த எனக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்ததனாலேயே ஹாக்வோனை முதலில் தேர்ந்தெடுத்தேன். முதல் மாதச் சம்பளப் பற்றுச்சீட்டில் பிடித்தம் வெறும் 3.3 விழுக்காடு என்று கண்டபோது, இந்த நாட்டில் வரி எவ்வளவு குறைவு என்று மகிழ்ந்தேன்.

அந்த 3.3 எதைக் குறிக்கிறது என்பதை நான்காவது மாதத்தில் உடன் பணியாற்றிய ஒருவர் விளக்கினார். கொரியாவில் ஒருவரை ஊழியராகப் பதிவுசெய்தால், முதலாளி அவரைத் தேசிய ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு உள்ளிட்ட காப்பீடுகளில் சேர்த்துத் தம் பங்கையும் செலுத்த வேண்டும். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியையும் தமிழ்நாட்டில் வருங்கால வைப்பு நிதியையும் அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. அப்படிப் பதிவுசெய்யாமல், அவரைத் தனித்தொழில் செய்பவர் என்று காட்டினால், 3.3 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு முதலாளி மற்றப் பொறுப்புகளிலிருந்து விலகிக்கொள்ளலாம். நேர அட்டவணை, பாடநூல், வகுப்பறை என எல்லாவற்றையும் நிலையமே தீர்மானிக்கும்போது, ஆசிரியர் சட்டத்தின் பார்வையில் ஊழியரே. ஆனாலும் இவ்வாறு எழுதிவைப்பது சிறிய ஹாக்வோன்களில் அரிதான வழக்கம் அன்று, என்னையும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார்கள்.

இதன் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான் அங்கிருந்த காலத்தில் தேசிய ஓய்வூதியத்துக்கு ஊழியர் 4.5 விழுக்காடும் முதலாளி 4.5 விழுக்காடும் செலுத்த வேண்டும். பள்ளிச் சம்பளமான 21 இலட்சம் வோனுக்கு முதலாளியின் பங்கு மாதம் 94,500 வோன், ஆண்டுக்கு 11,34,000 வோன். இதனுடன், ஓராண்டு முழுமையாகப் பணியாற்றியவருக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய பணிக்கொடை ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம், அதாவது 21 இலட்சம். இரண்டும் சேர்ந்து 32,34,000 வோன். ஹாக்வோன் கூடுதலாகத் தந்த 24 இலட்சம் இத்தொகைக்குள் அடங்கிவிடுகிறது. எபிக் தரும் 13 இலட்சம் வோன் வருகைப் படியையும், ஒப்பந்தம் முடித்து நாடு திரும்பும்போது தரும் புறப்பாட்டுப் படியையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. ஓய்வூதிய விகிதம் 2026 முதல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்ந்து 2033-இல் மொத்தம் 13 விழுக்காட்டை எட்டும் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், புதிதாகப் போகிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும்.

ஓய்வூதியம் முதுமைக்கு உரியது, ஓரிரு ஆண்டுகள் மட்டும் தங்கப்போகும் நமக்கு அதனால் என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் குடிமக்கள் கொரியாவை விட்டு நீங்கும்போது, தம் பங்கும் முதலாளியின் பங்கும் வட்டியுடன் ஒரே தொகையாகத் திரும்பக் கிடைக்கும். புறப்படும் முன் ஓய்வூதிய அலுவலகத்தில் பயணச்சீட்டைக் காட்டி விண்ணப்பித்துவிட்டால், இஞ்சோன் விமான நிலையத்திலேயே அத்தொகையைப் பெறும் ஏற்பாடும் உண்டு. பள்ளியில் கழித்த மூன்றாண்டுகளுக்கு உரியதை நான் அங்குதான் பெற்றேன். பிரித்தானியக் குடிமக்களுக்கு இந்தத் திருப்பித் தரும் சலுகை இல்லை, தென்னாபிரிக்கர்கள் அத்திட்டத்தில் சேர்க்கப்படுவதே இல்லை. ஆகவே நான் போட்ட இந்தக் கணக்கு உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்து மாறும்.

மருத்துவக் காப்பீடு இல்லாமையின் விலை எனக்கு அதே குளிர்காலத்தில் தெரிந்தது. 2018 ஜனவரியில் பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஊழியராகப் பதிவாகியிருந்தால் சிறிய மருத்துவ நிலையத்தில் செலவின் 30 விழுக்காட்டை மட்டும் கொடுத்திருப்பேன். அன்று எக்ஸ்ரேயிலிருந்து மாவுக்கட்டு வரை முழுத் தொகையையும் நானே கொடுத்தேன். அங்கே தொகை தாங்க முடியாததாக இருக்கவில்லை. ஆனால் வரிசையில் எனக்கு முன் நின்ற முதியவரும் பின் நின்ற மாணவியும் ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிட்டுப் போக, அந்த நாட்டில் முறையாகப் பதிவாகாத ஓர் ஆளாக நான் நிற்கிறேன் என்ற உணர்வு நெடுநாள் போகவில்லை. 2019 ஜூலை முதல் ஆறு மாதங்களுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் அனைவருக்கும் காப்பீடு கட்டாயமாகிவிட்டது. எனவே இப்போது காப்பீடு இல்லாத நிலை வராது. ஆனால் 3.3 விழுக்காட்டு முறையில் இருப்பவருக்கு முதலாளியின் பாதிப் பங்கு கிடைப்பதில்லை. மாதம் ஓர் இலட்சம் வோனுக்கு மேற்பட்ட தொகையைத் தாமே செலுத்த வேண்டியிருக்கும்.

பணிக்கொடையையும் நான் எளிதாகப் பெறவில்லை. பணி முடிந்த 14 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் தனித்தொழில் செய்பவர், உங்களுக்கு அது இல்லை என்றார் நிலைய உரிமையாளர். தொழில் அமைச்சின் 1350 என்ற உதவி எண்ணை அழைத்து வழி கேட்டு, பிராந்தியத் தொழில் அலுவலகத்தில் முறையீடு கொடுத்து, ஏழு வாரங்களுக்குப் பின்னரே அத்தொகை என் கணக்குக்கு வந்தது. பணியாளர் ஐவருக்குக் குறைந்த நிறுவனங்களுக்குக் காரணமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பும் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பும் பொருந்தா என்றாலும், பணிக்கொடை 2010 டிசம்பர் முதல் அத்தகைய சிறு இடங்களுக்கும் பொருந்தும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஓய்வூதியத்தில் பின்தேதியிட்டுச் சேர்க்கும்படி கேட்டிருக்கலாம். ஆனால் என் பங்கின் நிலுவையை நானும் ஒரே தடவையில் செலுத்த வேண்டியிருந்ததாலும், புதிய பணிக்கான விசா மாற்றம் அதே வாரங்களில் வந்ததாலும் அதைக் கைவிட்டேன். அது தவறான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அரசுப் பள்ளியில் இவை எதையும் கேட்டுப் பெற வேண்டியிருக்கவில்லை என்பதே நான் அதன் பக்கம் சாய்வதற்கு முழுமுதற் காரணம். முதல் மாதத்திலிருந்தே பற்றுச்சீட்டில் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தன. அங்கே இணை ஆசிரியராக ஒரு கொரிய ஆசிரியர் நம்முடன் வகுப்பில் நிற்பதோடு, குடியமர்வின் முதல் வாரங்களில் கூடவே வருவார். வதிவிட அட்டை கைக்கு வரும் வரை தொலைபேசி இணைப்பும் வங்கிச் சேவையும் அரைகுறையாகவே கிடைக்கும் நாட்டில், குடிவரவு அலுவலகத்தின் படிவத்தை உடனிருந்து நிரப்பித் தரும் ஒருவர் எத்தனை பெரிய துணை என்பதை, ஹாக்வோனில் அதைத் தனியாகச் செய்துவிட்டு வந்த பிறகே என்னால் அளவிட முடிந்தது. பள்ளி தந்த ஓரறை வீடு ஹாக்வோன் தந்ததைவிடச் சிறியது. ஆனால் தரைக்கடியில் வெந்நீர் ஓடிச் சூடாக்கும் ஒந்தோலின் வெப்பநிலையை எவ்வளவில் வைத்தால் எரிவாயுக் கட்டணம் கட்டுக்குள் நிற்கும் என்று முதல் நாளே சொல்லித்தந்தவரும் அந்த இணை ஆசிரியர்தான்.

பள்ளி வழியின் குறைகளும் உண்மையானவை. ஊரை நாம் தெரிவுசெய்ய முடியாது. விருப்பத்தைச் சொல்லலாம், முடிவு அவர்களுடையது. ஆண்டுக்கு இரண்டு தடவை, வசந்தகாலத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும் மட்டுமே ஆள் சேர்ப்பதால், பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சிலருக்கு இரண்டு மூன்று பள்ளிகளுக்கு இடையே அலைச்சல் இருக்கும். நானே வாரத்தில் ஒரு நாள் வேறொரு பள்ளிக்குப் போய்வந்தேன். மாணவர் விடுமுறையில் இருக்கும்போது, நம் விடுப்பு நாள்கள் தீர்ந்த பின், வெற்றுப் பள்ளியில் மேசை முன் அமர்ந்திருக்கவும் வேண்டும். கிம்ஹே என் தெரிவு அன்று. ஆனால் தொங்சாங் பகுதியின் சந்தையைச் சுற்றி இலங்கைத் தொழிலாளர்கள் வந்துபோகும் கடைகள் இருந்ததால், வீட்டில் பருப்பும் மிளகாய்த்தூளும் தீர்ந்ததில்லை.

ஹாக்வோனின் நிறைகளையும் சொல்லாமல் விட முடியாது. ஊரையும் தொடங்கும் மாதத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். எட்டுப் பிள்ளைகள் கொண்ட வகுப்பில் ஒரு குழந்தை முதல் வாக்கியத்தைப் பேசுவதை அருகிலிருந்து பார்க்கலாம், அது பள்ளியில் எனக்கு அரிதாகவே கிடைத்தது. விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்பது பற்றி நம் நிறத்தவர்கள் அறிந்திருக்க வேண்டும்: தொலைபேசியில் உற்சாகமாகப் பேசிய சில நிலையங்கள், படத்தை அனுப்பிய பின் பதிலளிக்கவில்லை. எபிக்கும் படம் கேட்டது, ஆனால் அங்கே எனக்கு அந்த அனுபவம் நேரவில்லை. இரண்டையும் ஒருவனுடைய அனுபவமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாக்வோன்களிலும் நான் பணியாற்றியது ஒன்றில்தான். பெரிய கிளை நிறுவனங்களில் காப்பீடுகள் ஒழுங்காக நடப்பதாக அங்கே பணியாற்றிய நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் இரண்டு வழிகளுக்கும் இடையிலான தூரம் மிகவும் குறைந்துவிடும். மழலையர்க்கான ஆங்கில நிலையங்களையும் பல்கலைக்கழகப் பணியையும் நான் கண்டதில்லை என்பதால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

என் சித்தியின் மகள் இப்போது புசானுக்குப் போகிறாள். அவளுடைய கணவருக்கு அந்த நகரத்தில்தான் வேலை என்பதால், ஊரைத் தெரிவுசெய்ய முடியாத எபிக் அவளுக்குப் பொருந்தவில்லை. ஹாக்வோனையே பார்க்கச் சொன்னேன். ஒரு நாட்டின் ஆவணங்களைத் தூதரக உறுதிப்படுத்தல் இல்லாமலே மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் கனடா 2024 ஜனவரியில் இணைந்துவிட்டதால், பட்டத்தையும் பொலிஸ் சான்றிதழையும் கொரியத் துணைத்தூதரகத்துக்கு எடுத்துப்போகும் வேலை அவளுக்கு இல்லை. ஒப்பந்த வரைவு வந்ததும் எனக்கு அனுப்பினாள். அதில் காப்பீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொரியர்கள் 'சாதே போஹோம்' என்று சொல்லும் நான்கு காப்பீடுகளில் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் முதல் நாளிலிருந்து பதிவாகுமா, பணிக்கொடை தனியாகத் தரப்படுமா அல்லது மாதச் சம்பளத்துக்குள் சேர்த்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எழுத்தில் கேட்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திருத்திய ஒப்பந்தம் வந்தது, இரண்டும் தனித்தனிப் பிரிவுகளாக எழுதப்பட்டிருந்தன. மாதச் சம்பளத்தில் மட்டும் ஓர் இலட்சம் வோன் குறைக்கப்பட்டிருந்தது. கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடச் சொன்னேன்.