மினி ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன ஃபேன்: நாள்பட ஓட்டிப் பார்த்ததில்

ஒற்றைக் கதவு மினி ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே வைத்த தண்ணீர் பாட்டில் உறைந்து கிடக்கும், கதவுத் தட்டில் இருப்பது ஏனோதானோவென்று குளிர்ந்திருக்கும். பழுதெல்லாம் இல்லை, அமைப்பே அப்படி. உள்ளே பனி படியாத பெரிய ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரிட்ஜில் குளிர்காற்றைத் தள்ளிவிட உள்ளே ஒரு ஃபேன் உண்டு. இதில் குளிர்ந்த காற்று கனம் கூடித் தானாகக் கீழே இறங்கினால்தான் உண்டு, தட்டு நிறையச் சாமான் அடைத்துவிட்டால் அதுவும் இல்லை.

அதனால் ஒரு கம்ப்யூட்டர் ஃபேனை உள்ளே மாட்டினேன். 80 மில்லிமீட்டர், 12 வோல்ட், பிரஷ்லெஸ் வகை. ஆனால் 12 வோல்ட் கொடுக்கவில்லை, 5 வோல்ட் மொபைல் சார்ஜரில்தான் ஓடுகிறது. எல்லா 12 வோல்ட் ஃபேனும் 5 வோல்ட்டில் கிளம்பிவிடாது, முதலில் மேசையில் வைத்துத் தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள்; குளிரில் பேரிங் கிரீஸ் இறுகும் என்பதால் ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜுக்குள் போட்டுவைத்து மறுபடி பார்ப்பது இன்னும் நல்லது. வேகம் குறைந்தால் சத்தம் இல்லை என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், உள்ளே சூடு குறைவது: ஃபேன் தின்கிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் உள்ளேயே சூடாக மாறுகிறது, அதையும் கம்ப்ரசர்தான் வெளியே தள்ள வேண்டும். 2 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினால் 48 வாட்-மணி சூடு. பெரிய ஃபேனை முழு வேகத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை, காற்று லேசாக அசைந்தால் போதும்.

ஒயரை உள்ளே கொண்டுபோவதுதான் உண்மையான வேலை. தயவுசெய்து சுவரில் ஓட்டை போடாதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஃபோமுக்கு நடுவே குளிரூட்டும் கேஸ் குழாய் ஓடுகிறது, பல மாடல்களில் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் குழாயே பக்கச் சுவருக்குள்தான் இருக்கும் (பக்கவாட்டில் தொட்டால் சுடுவது அதனால்தான்). டிரில் முனை பட்டால் ஃப்ரிட்ஜே போச்சு. அதிலும் பின்பக்க லேபிளில் ஆர்-600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற வாயு. தண்ணீர் வடியும் துளை இருந்தால் அதன் வழியாக விடலாம். என்னுடையதில் இல்லை, அதனால் மெல்லிய தட்டை ஒயரைக் கீல் இருக்கும் பக்கம் கதவு ரப்பருக்கு அடியில் விட்டேன். அந்த இடத்தில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், தாள் எளிதில் வராமல் இறுகிப் பிடித்தால் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இணைப்பு எளிது. சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ், மஞ்சள் இருந்தால் அது வேகம் சொல்லும் ஒயர், நுனியை மூடி விட்டுவிடலாம். இணைப்புகள் எல்லாம் வெளியே இருக்கட்டும். வெளியே வந்த ஒயர் சார்ஜருக்குப் போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறினால், ஒயர் வழியாக வழியும் ஈரம் அங்கேயே சொட்டிவிடும், பிளக் வரை போகாது.

மாட்டிய பிறகு மேலும் கீழும் இருந்த வித்தியாசம் நன்றாகவே குறைந்தது, கதவுத் தட்டும் இப்போது 4, 5 டிகிரியில் நிற்கிறது. ஆனால் குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் ஐஸ் பெட்டியை ஒட்டித்தான் இருக்கும்; ஃபேன் அங்கே வெதுவெதுப்பான காற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதால் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓட ஆரம்பிக்கும். குமிழை ஒரு படி குறைத்த பிறகுதான் சரியானது. ஐஸ் பிடிக்க முன்னைவிட நேரமாகிறது. மூடாமல் வைத்த காய்கறி சீக்கிரம் வாடுகிறது, எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். பனி படிவது குறையவில்லை, அந்தச் சுத்தம் செய்யும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

இத்தனை நாளில் ஃபேன் எந்தத் தொல்லையும் தரவில்லை. தேய்ந்தது ஒயர்தான்: கதவு நசுக்கி நசுக்கி அதன் தோல் வெளுத்து விரிசல் விட்டது, மாற்றினேன். ஃபேனோடு வந்த கனெக்டர் உள்ளேயே இருந்ததால் ஈரத்தில் பின்கள் பச்சை பூத்துவிட்டன, வெட்டி எறிந்துவிட்டு நேராக சால்டர் செய்து, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன்.

வெளியே கண்டென்சருக்கு ஃபேன் வைக்கலாமா என்றால், அலமாரிக்குள் அடைத்து வைத்த ஃப்ரிட்ஜுக்கு மட்டும் வைக்கலாம், மற்றவர்கள் முதலில் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். கம்ப்ரசரோடு சேர்ந்து ஓடவேண்டும் என்று மெயின்ஸ் லைனில் கை வைக்க வேண்டாம். 40 டிகிரியில் இணையும் ஒரு சின்ன வெப்ப சுவிட்சை ஃபேனின் ஒயரில் கோத்து, கண்டென்சரில் ஒட்டிவைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கம்ப்ரசர் இல்லாமல், மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகட்டால் ஓடும் பெல்டியர் வகைக்கு இதெல்லாம் பொருந்தாது. அதில் வெளிப்புற ஃபேன் ஏற்கெனவே இருக்கும், அது நின்றுவிட்டால் அதே வோல்ட்டேஜ், அதே அளவு, சட்டத்தில் உள்ள அம்புக்குறியும் அதே திசையில் இருக்கும்படி மாற்றுங்கள். மாற்றும் வரை ஃப்ரிட்ஜை அணைத்தே வையுங்கள்.